எதை முதலில் சீர்திருத்துவது?

(பொதுத்துறை நிறுவன அலுவலர்களுக்கான பயிற்சி முகாமொன்றில் ஆற்றப்பட்ட உரை)

குறைவாக உள்ள வளங்களைப் பலவகைத் தேவைகளுக்கிடையே எவ்வாறு பங்கிடுவது என்பதே பொருளியலின் அடிப்படைச் சிக்கல். கல்லூரி மாணவர் இதனை முதல் பாடத்திலேயே படிக்கின்றனர். ஆனால், அலுவலகப் பொறுப்பை ஏற்ற பின்னர் இப்பாடம் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் சீர்திருத்த ஆலோசனைகள் கேட்கப்படுகின்றன. முப்பது, நாற்பது இனங்கள் கொண்ட பட்டியல் தயாராகிறது. எந்தப் பிரிவுக்கும் மனக்குறை ஏற்படாதவாறு எல்லா இனங்களும் ஏற்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் சிறிது பணமும் சிறிது ஆளும் ஒதுக்கப்படுகின்றன. ஆண்டு இறுதி அறிக்கையில் பெரும்பாலான இனங்களுக்கு எதிரே “நடைபெற்று வருகிறது” என்ற குறிப்பே காணப்படுகிறது.

இதனால் ஏற்படும் இழப்பு எந்தக் கணக்கு ஏட்டிலும் பதிவாவதில்லை. சாளரத்தின் முன் வரிசையில் நிற்கும் மனிதர் அவ்விழப்பைத் தம் காலத்தால் செலுத்துகிறார். நிறுவனம் அதனைத் தன் வருவாயாலும் நற்பெயராலும் செலுத்துகிறது. நிறுவனம் பொதுத்துறையைச் சேர்ந்ததாயின், வரி செலுத்தும் குடிமக்கள் அனைவரும் அதில் பங்கேற்கின்றனர். ஆகவே, சீர்திருத்தத்தை எவ்வாறு செய்வது என்பதற்கு முன்னர், எதைச் சீர்திருத்துவது என்ற கேள்வி விடை பெற வேண்டும். திருவள்ளுவரும் பொருட்பாலில் ‘தெரிந்து செயல்வகை’ என்று தனி அதிகாரமே வகுத்து, ஒரு வினையால் அழிவதையும் ஆவதையும் பின்னர் வரும் ஊதியத்தையும் ஒருங்கே எண்ணிப் பார்க்குமாறு அறிவுறுத்தியிருக்கிறார்.

சிலவும் பலவும்

ருமேனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜோசஃப் ஜூரான் என்னும் தர நிர்வாக அறிஞர், இத்துறையில் ஓர் எளிய உண்மையை வலியுறுத்தினார். ஒரு தொழிலில் ஏற்படும் குறைகளுக்குக் காரணங்கள் பல இருப்பினும், இழப்பின் பெரும்பகுதி அவற்றுள் ஒருசிலவற்றால்தான் விளைகிறது என்பதே அவ்வுண்மை. வருமானமும் சொத்தும் சமமின்றிப் பரவியிருப்பதை ஆராய்ந்த இத்தாலியப் பொருளியலறிஞர் பரேட்டோவின் பெயரை அவர் இவ்விதிக்குச் சூட்டினார். அச்சிலவற்றைக் கண்டறிந்து, ஒவ்வொன்றையும் தனித் திட்டமாக எடுத்துக்கொண்டு முடிப்பதே முன்னேற்றத்திற்கு வழி என்பது அவர் கொள்கை.

இத்தகைய சிந்தனை இந்நாட்டிற்குப் புதியதன்று. பேராசிரியர் மகலனோபிஸ் 1931-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், புள்ளியியல் வழித் தரக் கட்டுப்பாட்டின் முன்னோடியான வால்ட்டர் ஷூஹார்ட்டை 1947-48-இல் இந்தியாவிற்கு அழைத்தது. ஐம்பதுகளிலேயே தொழில் நகரங்களில் இதற்கான ஆலோசனைப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. எனினும், அறிவு கிடைத்த அளவுக்கு அதனை அன்றாட நிர்வாகத்தில் கையாளும் பழக்கம் வளரவில்லை என்றே கூற வேண்டும்.

எண்ணிக்கை வேறு, எடை வேறு

அடிக்கடி நிகழ்வதே முதன்மையான குறை என்று கருதுவது பரவலான தவறாகும். இதனை ஒரு கற்பனைக் கணக்கின் வாயிலாக விளக்கலாம். ஒரு பேருந்துப் பணிமனையில் ஒரு மாதத்தில் வழித்தடப் பழுதுகள் 200 ஏற்பட்டன என வைத்துக்கொள்வோர், அவற்றைப் பின்வருமாறு பிரிக்கலாம். விளக்கு, ஒலிப்பான் போன்றவற்றின் பழுதுகள் 90. ஒவ்வொன்றாலும் ஏற்பட்ட தாமதம் 5 நிமிடம். டயர் பஞ்சர்கள் 50. தாமதம் 30 நிமிடம். எஞ்சின், எரிபொருள் குழாய்ப் பழுதுகள் 40. தாமதம் ஒரு மணி. கிளட்ச், கியர் பெட்டிப் பழுதுகள் 20. தாமதம் மூன்று மணி.

எண்ணிக்கையை மட்டும் நோக்கினால் விளக்குப் பழுதுகளே முதலிடம் பெறும். ஆனால் தாமதத்தைக் கூட்டிப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. விளக்குப் பழுதுகளால் 450 நிமிடமும், பஞ்சர்களால் 1,500 நிமிடமும், எஞ்சின் பழுதுகளால் 2,400 நிமிடமும், கிளட்ச், கியர் பழுதுகளால் 3,600 நிமிடமும் இழப்பாகின்றன. மொத்த எண்ணிக்கையில் பத்து விழுக்காடே ஆன ஓர் இனம், மொத்தத் தாமதத்தில் ஏறத்தாழ 45 விழுக்காட்டிற்குக் காரணமாக இருக்கிறது. மூன்று மணி நேரம் நின்றுவிட்ட பேருந்து தன் அடுத்த நடையையும் இழக்கிறது. அந்நடையின் வசூலும் போகிறது. எனவே பயணியின் துன்பம், கழகத்தின் நட்டம் ஆகிய இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. இவ்வாறு இரண்டும் சந்திக்கும் இடமே முதல் திட்டத்திற்கு உரிய இடமாகும்.

விளக்குப் பழுதை விட்டுவிடலாம் என்பது இதன் பொருளன்று. இரவில் விளக்கின்றி ஓடும் வண்டி உயிருக்கு ஆபத்தானது; பாதுகாப்புத் தொடர்பானவை எந்தப் பட்டியலின் வரிசைக்கும் காத்திருக்கக் கூடாது. அவை அன்றாடப் பராமரிப்பின் கடமைகள். சீர்திருத்தத் திட்டம் என்பது அக்கடமைக்கு மேற்பட்டதாகும்.

புகார் ஏட்டில் இல்லாத துன்பம்

வாடிக்கையாளருக்கு எது முக்கியம் என்பதை அறியப் பல அலுவலகங்கள் புகார் ஏட்டையே நம்புகின்றன. புகார் எழுதுவதற்கு எழுத்தறிவும், நேரமும், பயன் விளையும் என்ற நம்பிக்கையும் வேண்டும். இம்மூன்றும் இல்லாதவரின் துன்பம் ஏட்டில் இடம்பெறுவதில்லை. நம்பிக்கை இழந்து வேறிடம் சென்றுவிட்ட வாடிக்கையாளரும் அதில் இல்லை. காத்திருப்போர் அறையின் மின்விசிறி பற்றிப் பத்துப் புகார்கள் வரக்கூடும். மூன்று முறை அலைந்தும் சான்றிதழ் கிடைக்காமல் ஒரு நாள் கூலியை மும்முறை இழந்த தொழிலாளியிடமிருந்து ஒரு புகாரும் வராமல் போகக்கூடும்.

ஆகவே ஏட்டோடு நில்லாமல், பொறுப்பிலுள்ள அலுவலர் ஆண்டுக்குச் சில நாட்களாவது வரிசையின் கடைசியில் நின்று பார்ப்பது நன்று. விண்ணப்பம் ஒன்று எத்தனை மேசைகளைக் கடக்கிறது, ஒவ்வொரு மேசையிலும் எத்தனை நாள் தங்குகிறது, அவற்றுள் உண்மையான வேலை நடைபெறும் நேரம் எவ்வளவு என்பனவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இக்குறிப்பு எந்த அறிக்கையும் தராத தெளிவைத் தரும்.

முன்பதிவும் சரக்கும்

இந்திய ரயில்வேயின் அனுபவம் இங்குக் கருதத்தக்கது. கணிப்பொறி வருவதற்கு முன்னர், தொலைதூர வண்டிகளின் முன்பதிவு கையால் எழுதப்பட்ட ஏடுகளில் நடைபெற்றது. குறிப்பிட்ட வண்டிக்குக் குறிப்பிட்ட சாளரம். அந்த ஏடு அச்சாளரத்தில் மட்டுமே இருக்கும். ஒரு வண்டியில் இடமில்லை என்றால் பயணி வேறு வரிசைக்குச் சென்று மீண்டும் நிற்க வேண்டும். 1985-ஆம் ஆண்டின் இறுதியில் புது டெல்லியில் கணிப்பொறி வழி முன்பதிவு சோதனை முறையில் தொடங்கப்பட்டது. பின்னர் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய மையங்களுக்கும் அது விரிந்தது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 2002-இல் இணையம் வழியாகவும் பயணச்சீட்டுப் பெறும் வசதி ஏற்பட்டது.

இத்திட்டத்தின் சிறப்பு, எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் பதிவு செய்யலாம் என்ற ஒரே மாற்றத்தில் அடங்கியுள்ளது. பயணியின் காத்திருப்புக் குறைந்தது. ரயில்வேக்கு எந்த வண்டியில் எவ்வளவு தேவை உள்ளது என்ற செய்தி உடனுக்குடன் கிடைத்தது. அதே வேளையில் இதன் எல்லையையும் உணர வேண்டும். கணிப்பொறி ஒரு படுக்கையைக்கூடப் புதிதாக உண்டாக்கவில்லை. காத்திருப்போர் பட்டியல் நீங்கவுமில்லை. இருக்கும் இடத்தைத் தேடும் துன்பத்தை ஒரு திட்டம் தீர்க்கலாம். இடமே போதாமை வேறு சிக்கல், அதற்குப் புதிய பாதையும் பெட்டிகளும் தேவை. எந்தச் சிக்கலைத் தீர்க்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே வரையறுக்காத திட்டம், வெற்றி பெற்ற பின்னும் தோல்வியாகவே பழிக்கப்படும்.

மற்றொரு செய்தியும் உண்டு. ரயில்வேயின் தகவல் தொகுப்புப் பணிகளுக்கென 1986-இல் அமைக்கப்பட்ட மையத்தின் தொடக்க நோக்கம், சரக்குப் போக்குவரத்துத் தகவல் முறையை உருவாக்குவதாகும். பொதுமக்கள் கண்ணுக்குப் பயணிகள் முன்பதிவே தெரிகிறது. ஆனால், ரயில்வேயின் வருவாயில் பெரும்பகுதி சரக்கிலிருந்தே வருகிறது. நிலக்கரிக்குக் காத்திருக்கும் மின் நிலையமும், சிமெண்டுக்குக் காத்திருக்கும் வணிகரும் வாடிக்கையாளர்களே. வேகன் எங்கே நிற்கிறது என்பது உடனே தெரிந்தால் அது விரைவில் அடுத்த சுமைக்குத் திரும்பும். வேகன் தொகையைக் கூட்டாமலே கூடுதல் சரக்கை ஏற்ற முடியும். பெரிய நிறுவனத்தில் வாடிக்கையாளர் ஒருவரல்லர் என்பதையும், குரல் உயர்த்துவோர் மட்டுமே வாடிக்கையாளர் அல்லர் என்பதையும் இது உணர்த்துகிறது.

எருமைப் பால் தந்த பாடம்

குஜராத் மாநிலத்தின் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் 1946-இல் ஆனந்தில் தோன்றியது. அதன் பால் பம்பாய் நகருக்குச் சென்றது. எருமைகள் கோடையைவிடக் குளிர்காலத்தில் மிகுதியாகப் பால் தரும். நகரத்தின் தேவையோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவானது. எனவே குளிர்காலத்தில் மிஞ்சிய பாலுக்கு வாங்குவோர் இல்லை. உழவர் குடும்பத்திற்கு வருவாய் இல்லை.

இந்நிலையில் ஒன்றியத்தின் முன் பல வழிகள் இருந்திருக்கும். சேகரிப்பு நிலையங்களைக் கூட்டலாம், வண்டிகளைப் பெருக்கலாம், கால்நடை மருத்துவ வசதியை விரிவாக்கலாம். இவை யாவும் நல்லவையே. ஆயினும், மிகுதிப் பாலுக்கு வழி காணாமல் இவற்றைச் செய்திருந்தால், குளிர்காலத்தில் வீணாகும் பால்தான் கூடியிருக்கும். தடை இருந்த இடம் வேறு. எருமைப் பாலைத் தெளிப்பு முறையில் உலர்த்திப் பொடியாக்க இயலாது என்று வெளிநாட்டு வல்லுநர் பலர் கருதிய காலத்தில், வர்கீஸ் குரியனுடன் பணியாற்றிய எச்.எம். தலாயா அது இயலும் என்று காட்டினார். 1955-இல் ஆனந்தில் பால்பொடித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. குளிர்காலப் பாலுக்கு விலை கிடைத்தது, நுகர்வோருக்கு ஆண்டு முழுவதும் பால் பொருள்கள் கிடைத்தன, ஒன்றியம் நிலைபெற்றது. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் இவ்வடித்தளத்தின் மீதே எழுந்தது.

சங்கிலியில் மிக வலிவற்ற கண்ணி எதுவோ அதனை விட்டுவிட்டு மற்றக் கண்ணிகளை வலுப்படுத்துவதால் சங்கிலி வலுப்பெறாது. தேர்வின்போது முதலில் தேட வேண்டியது அக்கண்ணியையே.

கேள்வியை மாற்றிய தொலைபேசி

எண்பதுகளின் தொடக்கத்தில் இந்நாட்டில் நூறு பேருக்கு ஒரு தொலைபேசிகூட இல்லை. இணைப்புக்கு விண்ணப்பித்தோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். எத்தனை வீடுகளுக்கு இணைப்புத் தரலாம் என்பதே அதுவரை கேட்கப்பட்ட கேள்வி. எத்தனை பேருக்குத் தொலைபேசி எட்டும் தொலைவில் இருக்கலாம் என்று கேள்வியை மாற்றியபோது விடையும் மாறியது.

1984-இல் தொடங்கப்பட்ட தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட், 128 இணைப்புகள் கொண்ட சிறிய ஊரகத் தொலைபேசி நிலையத்தை வடிவமைத்தது. குளிரூட்டப்பட்ட அறை இல்லாமலே, இந்திய ஊர்களின் வெப்பத்தையும் தூசியையும் தாங்கி இயங்க வல்லதாக அது அமைந்தது. 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் அது நிறுவப்பட்டது. இதனோடு, ஆள் அமர்ந்து நடத்தும் பொதுத் தொலைபேசிச் சாவடிகளும் நாடெங்கும் பரவின. ஒரு வீட்டில் நாளுக்குச் சில முறையே பயன்படும் இணைப்பு, சாவடியில் காலை முதல் இரவு வரை உழைத்தது. துறைக்கு வருவாய், சாவடி நடத்துவோருக்குப் பிழைப்பு, ஏழைக்கும் தொலைபேசி என மும்முனைப் பயன் விளைந்தது. மாற்றுத் திறனாளிகள் பலர் இச்சாவடிகளால் வாழ்வு பெற்றனர். பின்னர்க் கைபேசி பரவியதும் சாவடிகள் மறையத் தொடங்கின. ஒரு காலத்தின் சிறந்த தேர்வு எக்காலத்திற்கும் உரியதன்று என்பதற்கும் இதுவே சான்று.

பெருஞ்செலவு செய்தால்தான் பெரும்பயன் கிட்டும் என்பதுமில்லை. 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண் ஆறு இலக்கங்களே கொண்டது. ஒரே பெயர் கொண்ட ஊர்கள் பல உள்ள நாட்டில், முகவரிகள் பல மொழிகளில் எழுதப்படும் சூழ்நிலையில், அஞ்சல் பிரிப்போரின் குழப்பத்தை அது பெரிதும் குறைத்தது. கடிதம் எழுதுவோரும் அத்துறையும் ஒருசேரப் பயனடைந்தனர்.

நலன்கள் முரண்படும்போது

வாடிக்கையாளர் நலனும் நிறுவன நலனும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை. செலவைக் குறைப்பது வேறு. செலவைப் பிறர் தலையில் ஏற்றுவது வேறு. நாளொன்றுக்கு 300 பேர் வரும் ஒரு கிளையில் ஒரு சாளரம் மூடப்படுகிறது என்றும், அதனால் ஒவ்வொருவரும் 10 நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கின்றனர் என்றும் கொண்டால், மக்கள் இழப்பது 50 மணி நேரம். நிறுவனம் மிச்சப்படுத்துவதோ ஓர் ஊழியரின் ஏழு மணி நேரம். கிளையின் கணக்கில் இது சிக்கனமாகத் தோன்றலாம். நாட்டின் கணக்கில் இது வீண் செலவே.

இதற்கு மறுபுறமும் உண்டு. விரைவு வண்டி ஒன்று தங்கள் ஊரிலும் நிற்க வேண்டும் என ஓர் ஊரார் கோருகின்றனர். நாள்தோறும் ஏறுவோர் பத்துப் பேர். வண்டியில் இருப்போர் ஆயிரம் பேர். நிறுத்தத்தால் ஐந்து நிமிடம் கூடுகிறது எனில், இழப்பு 83 மணி நேரத்திற்கும் மேலாகும். கணக்கு கோரிக்கையை மறுக்கச் சொல்கிறது. ஆனால், அப்பத்துப் பேருள் மருத்துவமனைக்குச் செல்ல வேறு வழியற்றவர் இருப்பின், கணக்கு மட்டும் முடிவு கூறிவிடாது. வேறு வண்டியோ இணைப்புப் பேருந்தோ ஏற்பாடு செய்து இரு தரப்புக்கும் இழப்பின்றித் தீர்வு காண முயல வேண்டும். கணக்கு அறிவுக்குத் துணையே அன்றி அதற்கு மாற்று அன்று.

ஐந்து கேள்விகள்

மேற்கூறியவற்றிலிருந்து, எந்தத் திட்டத்தையும் ஏற்குமுன் கேட்கத்தக்க ஐந்து கேள்விகளைத் தொகுக்கலாம்.

முதலாவது: இத்திட்டம் யாருடைய எந்தத் துன்பத்தை எவ்வளவு குறைக்கும்? விடை நாட்களாலோ, நிமிடங்களாலோ, ரூபாயாலோ அமைய வேண்டும். “சேவை மேம்படும்” என்பது விடையாகாது.

இரண்டாவது: நிறுவனத்திற்கு இதனால் விளையும் ஆதாயம் என்ன? வருவாய் கூடுமா, செலவு குறையுமா, அன்றி நம்பிக்கை வளருமா? எவ்வித ஆதாயமும் இல்லாத திட்டம், அதனைத் தொடங்கிய அலுவலர் மாற்றலாகிச் சென்றதும் கைவிடப்படும்.

மூன்றாவது: தடை உள்ள இடம் இதுதானா? இதனைச் சரிசெய்த பின்னரும் மற்றொரு மேசையில் அதே தாமதம் காத்திருக்குமா?

நான்காவது: இருக்கும் ஆளையும் அதிகாரத்தையும் கொண்டு ஓராண்டிற்குள் இதன் ஒரு பகுதியையேனும் முடிக்க இயலுமா? வேறு துறையின் ஒப்புதலையே முற்றிலும் நம்பியிருக்கும் திட்டத்தை முதலில் எடுப்பது அறிவுடைமையன்று.

ஐந்தாவது: வெற்றியை எவ்வாறு அறிவது? இன்றைய நிலையை அளந்து குறிக்காமல் தொடங்கும் திட்டம், நாளைய முன்னேற்றத்தை நிறுவ இயலாது. தொடங்கிய பின்னர் அளவுகோலை மாற்றுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

தேர்ந்தெடுப்பது உயர் அலுவலர் மட்டுமே செய்யும் பணியன்று. சென்னைப் பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. அப்பரிசு போற்றும் முழுமைத் தர நிர்வாக முறையில், மேலிடம் சில குறிக்கோள்களை மட்டும் வகுக்கிறது. ஒவ்வொரு பிரிவும் தொழிலாளர் குழுவும் அக்குறிக்கோளுக்கு உதவும் பணியைத் தாமே இனங்கண்டு எடுத்துக்கொள்கின்றன. பழுது எங்கே தொடங்குகிறது என்பதை இயந்திரத்தின் அருகில் நிற்பவரும், சினம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சாளரத்தில் அமர்ந்திருப்பவரும் நன்கறிவர்.

விலக்கும் துணிவு

1997-இல் நடைபெற்ற முதலமைச்சர்கள் மாநாட்டிற்குப் பின்னர், அரசுத் துறைகள் குடிமக்கள் சாசனங்களை வெளியிடத் தொடங்கின. சேவைக்குக் காலவரம்பு கூறும் நல்ல முயற்சி அது. ஆயினும் எளிதில் நிறைவேறும் வாக்குறுதிகளை மட்டும் சாசனத்தில் எழுதிவிட்டு, கடினமானவற்றை விட்டுவிடும் ஆசை எந்த அலுவலகத்திற்கும் எழக்கூடும். ஆண்டு இலக்குகளை வகுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இதே சோதனை உண்டு. எளிய இலக்கை எட்டி முழு மதிப்பெண் பெறுவதைவிட, தேவையான இலக்கில் முக்கால் தொலைவு செல்வது நாட்டிற்கு நன்மை பயக்கும். மதிப்பிடுவோரும் இதனை உணர்ந்து மதிப்பிடுதல் வேண்டும்.

தேர்ந்தெடுத்தல் என்பதன் மறுபெயர் விலக்குதல். நாற்பது இனங்களில் மூன்றை ஏற்பவர், முப்பத்தேழுக்கு இப்போது இல்லை என்று சொல்ல வேண்டியவராகிறார். அவற்றுள் பலவும் நல்லவையாகவே இருக்கும்; அவற்றை முன்மொழிந்தோர் வருந்துவர். காரணத்தை வெளிப்படையாகக் கூறி, அடுத்த ஆண்டில் மீண்டும் கருதப்படும் என்ற உறுதியையும் அளித்தால் அவ்வருத்தம் பகையாகாது. எல்லோரையும் மகிழ்விக்க எண்ணி நாற்பதையும் தொடங்கும் அலுவலருக்கு அலுவலகத்தில் நல்ல பெயர் கிடைக்கலாம். வரிசையில் நிற்பவருக்கோ, அவர் நின்ற நேரத்தில் ஒரு நிமிடமும் குறைந்திராது.